குடுமி யாருடையது?

சித்தன்னவாசல் குடைவரை சின்னது. நாற்பத்திரண்டு மாணவிகளையும் ஒரே நேரத்தில் உள்ளே நிறுத்த முடியாது. மூன்று குழுவாகப் பிரித்து அனுப்பினேன். மூன்று முறையும் நானும் உள்ளே போனேன். மூன்று முறையும் எங்களோடு வந்த வழிகாட்டி, கையிலிருந்த டார்ச் விளக்கை முதலில் தூணில் ஆடும் பெண்ணின் இடுப்பில்தான் அடித்தார். "இந்த வளைவைப் பாருங்க மேடம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அப்படியே நிக்குது." மூன்றாவது குழுவில் ஒருத்தி கேட்டாள்: "சார், அந்தப் பொண்ணு யாரு?" அவர் கொஞ்சம் யோசித்தார். "தேவலோகத்துப் பொண்ணும்மா. பேரெல்லாம் கிடையாது."

அவர் நல்ல மனிதர். இந்த வட்டாரத்தின் பாறைகளைத் தன் வீட்டுத் திண்ணைபோல அறிந்தவர். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. அவருடைய டார்ச் விளக்கு விழுந்த இடம் அவர் தேர்ந்தெடுத்த இடம் மட்டுமல்ல. வழிகாட்டி நூல்களில் அது அங்கேதான் விழுகிறது. கலை வரலாற்றுக் கட்டுரைகளிலும் அப்படித்தான். என் முனைவர் பட்ட ஆய்வேட்டில், 'ஓவியத்தில் பெண்' என்று நானே எழுதிய ஓர் உட்பகுதி இருக்கிறது. அண்மையில் அதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். இடை, கை முத்திரை, கொண்டை, அணிகலன். நானும் அதே விளக்கைத்தான் பிடித்திருக்கிறேன்.

சுற்றிப் பார்ப்பது என்பதை நாம் ஓய்வு என்று நினைக்கிறோம். அது ஒரு பனுவலும்கூட. எந்த இடத்தில் பேருந்து நிற்கிறது, எங்கே நிற்காமல் போகிறது, எந்தக் கதை சொல்லப்படுகிறது, அறிவிப்புப் பலகையில் யார் பெயர் இருக்கிறது: இவை எல்லாம் சேர்ந்து ஓர் எழுத்து. அதற்கு ஆசிரியர் உண்டு, அது மனத்தில் வைத்திருக்கும் வாசகரும் உண்டு. அந்த வாசகர் பெரும்பாலும் ஆண். சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர் என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரே நாளில் பார்த்து முடிக்கிற மூன்று இடங்களை வைத்து அந்த எழுத்தை வாசித்துப் பார்க்கிறேன்.

முதலில் சித்தன்னவாசல். அறிவர் கோயில் என்று அழைக்கப்படும் இந்தச் சமணக் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மீன், அன்னம், எருமை, யானை, இலைகளுக்கு நடுவே பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். சமண மரபில் இது அருகனின் உபதேச மண்டபமாகிய சமவசரணத்தைச் சேர்ந்த குளம் என்றும், பூப்பறிப்பவர்கள் வீடுபேற்றுக்குத் தகுதியுள்ள பவ்வியர்கள் என்றும் அறிஞர்கள் விளக்குகிறார்கள். பெண்கள் தூண்களில் இருக்கிறார்கள். இரண்டு தூண்களில் இரண்டு ஆடல் மகளிர். இன்னொரு பக்கம் முடி தரித்த அரசன், அவனுக்கு அருகில் அரசி. அந்த அரசன் மகேந்திரவர்மப் பல்லவனா, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபனா என்று நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. அந்த அரசி யார் என்ற கேள்விக்குப் பதில் எப்போதும் அவனைக் கண்டுபிடிப்பதிலேயே அடங்கிவிடுகிறது. அவன் யார் என்று தெரிந்தால் போதும், அவள் அவனுடைய தேவி.

என் அம்மா இந்த ஓவியத்தை முதன்முதலாகப் பார்த்தபோது சொன்ன ஒரு வார்த்தை எந்த ஆய்வு நூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. கழுத்தை அண்ணாந்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொளத்துக்குள்ள ஒரு பொம்பளகூட இல்லயேடி. பூப் பறிக்கிறது பூரா ஆம்பளையா இருக்கு. நம்மூருல யாரு எறங்குவா?" நாற்று நடவும் களை பறிக்கவும் சேற்றில் இறங்கிப் பழகிய பெண்ணின் கேள்வி அது. வீடுபேற்றின் குளத்தில் ஆண்கள் உழைக்கிறார்கள், பறிக்கிறார்கள், அடைகிறார்கள். பெண்கள் வாசலில் ஆடுகிறார்கள். ஓவியத்தின் இந்த இடப் பங்கீட்டை அம்மா ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். எனக்கு முனைவர் பட்டம் முடித்தும் பிடிபடவில்லை.

குடைவரையைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்தவன் பெயர் பாறையில் இருக்கிறது: மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். மலையின் மறுபக்கம் ஏழடிப்பட்டத்தில் 17 கற்படுக்கைகள். ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுள்ள தமிழி எழுத்து ஒரு படுக்கையில் உண்டு. வழிகாட்டி "சமண முனிவர்கள் படுத்த இடம்" என்றார். முனிவர் என்றவுடன் என் மாணவிகள் மனத்தில் எழுந்த உருவம் எது என்று கேட்டேன். எல்லோருக்கும் ஆண்தான். இங்கே பெண் துறவிகள் இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கல் அப்படிச் சொல்லாதபோது நான் சொல்லக் கூடாது. ஆனால் தமிழ்ச் சமணத்தில் பெண் ஆசிரியர்கள் இருந்தார்கள் என்பதைக் கல்லே சொல்கிறது. கழுகுமலையில் குரத்திகள் செய்வித்த திருமேனிகள் பல உள்ளன. வந்தவாசிப் பக்கம் வேடலில், முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய 500 மாணவியரையும் பேசுகிறது. ஐந்நூறு பெண்கள் ஒரு பெண்ணிடம் பயின்ற பள்ளி. அந்தச் செய்தியை அறிந்துகொண்டு ஏழடிப்பட்டத்தில் நிற்பதும் அறியாமல் நிற்பதும் ஒன்றல்ல. அறியாதவளுக்கு அந்த வழவழப்பான பாறை ஆண்களின் இடம், அவள் அங்கே விருந்தாளி.

சித்தன்னவாசல் குடைவரைக்கு முன்னால் இப்போது நிற்கும் தூண்கள் சமஸ்தானக் காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை. எங்கள் பேருந்து அந்தத் தூண்கள் வந்த வழியே எதிர்த்திசையில் போனது.

குடுமியான்மலையில் எல்லோருக்கும் சொல்லப்படும் கதை இது. கோயில் அர்ச்சகர் ஒருவருக்கு ஒரு பெண்மேல் காதல். சுவாமிக்குரிய பூவை அவளுக்குச் சூட்டினார். அன்றைக்கென்று அரசன் கோயிலுக்கு வந்துவிட்டான். அவள் தலையிலிருந்து எடுத்த பூவையே அர்ச்சகர் பிரசாதமாகக் கொடுத்தார். பூவில் ஒரு முடி. அரசன் கேட்டபோது, "சுவாமிக்குக் குடுமி உண்டு" என்று சொல்லிவிட்டார். அரசன் பார்க்க வேண்டும் என்றான். பக்தனைக் காப்பாற்ற லிங்கத்தில் குடுமி முளைத்தது. அன்று முதல் சுவாமி குடுமிநாதர், சிகாநாதர். அதற்கு முன் திருநலக்குன்றம் என்றிருந்த ஊரும் குடுமியான்மலை.

இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அரசன் இருக்கிறான், அர்ச்சகர் இருக்கிறார், சுவாமி இருக்கிறார். அர்ச்சகரின் பொய் மெய்யாகிறது, அரசனின் சந்தேகம் தீர்கிறது, சுவாமிக்குப் புதுப் பெயர் கிடைக்கிறது, ஊருக்கே பெயர் மாறுகிறது. இத்தனையையும் நடத்தி வைத்தது ஒரு பெண்ணின் தலைமுடி. அவளுக்குப் பெயர் இல்லை. சிலர் அவளைத் தாசி என்பார்கள், சிலர் காதலி என்பார்கள். அரசன் போன பிறகு அவள் என்ன ஆனாள் என்று கதை கேட்கவில்லை. கதையைப் பொறுத்தவரை அவள் தடயம். தடயம் தெய்வத்தின்மேல் மாற்றி வைக்கப்பட்டதும் அவள் தேவையில்லை. கதை கருணையைப் பற்றியது என்பார்கள். கருணை யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால் கணக்கு தெளிவாக இருக்கிறது.

இதே கோயில் வளாகத்தில் இன்னொரு பெண் இருக்கிறார். அவருக்குப் பெயர் உண்டு. உமையாழ்வி நாச்சி. பாண்டியர் காலம், 13ஆம் நூற்றாண்டு. தேவரடியார். இங்கே அம்மனுக்குச் சன்னதி எடுப்பித்தவர் அவர் என்று கல்வெட்டு சொல்கிறது. பெயரற்ற பெண்ணின் முடி கோயிலுக்குப் பெயர் கொடுத்தது என்ற கதையை நாள்தோறும் பயணிகள் கேட்டுத் திரும்புகிறார்கள். பெயருள்ள பெண் கோயிலையே கட்டினாள் என்ற செய்தியின் பக்கத்தில் நடந்து, அதைப் படிக்காமலே போகிறார்கள். என் மாணவிகளில் ஒருத்திகூட அந்தப் பெயரை அதற்கு முன் கேட்டதில்லை. பாதிப் பேர் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள்.

புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைத் தொகுத்து 1929இல் நூலாக அச்சிட்டது. அவ்வளவு சின்ன நாடு அவ்வளவு பெரிய வேலையைச் செய்தது நமக்குக் கிடைத்த பேறு. உமையாழ்வி நாச்சி ஒளிந்திருக்கவில்லை. கல்லில் இருந்தார், பிறகு அச்சிலும் இருந்தார். இல்லாதது அவரை வாசிக்கும் கண். தேவரடியார் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் சித்தன்னவாசல் தூணுக்குப் போய்விடுகிறோம்: ஆடல், இடுப்பு, அரசன். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் கோயில் பெண்களை விரிவாக ஆராய்ந்த லெஸ்லி ஓர், 2000இல் வெளியான தன் நூலில் இந்தப் பழக்கத்தை உடைத்துக் காட்டினார். சோழர் காலக் கல்வெட்டுகளில் இந்தப் பெண்கள் ஆடுபவர்களாகத் தெரிவதைவிடக் கொடை கொடுப்பவர்களாகவே அதிகம் தெரிகிறார்கள். விளக்குக்குப் பொன், பூசைக்கு நிலம், சன்னதிக்குக் கல். கல்வெட்டு அவர்களை வினைமுற்றோடு எழுதுகிறது: கொடுத்தாள், எடுப்பித்தாள். சுற்றுலா அவர்களைப் பெயரடையோடு மட்டும் எழுதுகிறது.

இதைச் சொல்லும்போது ஒரு பொற்காலத்தைக் கட்டி எழுப்பும் ஆசை வருகிறது. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. 13ஆம் நூற்றாண்டின் ஒரு தேவரடியார் சன்னதி எடுத்தார் என்பதால் அந்த அமைப்பு பெண்களுக்கு நியாயமாக இருந்தது என்று ஆகாது. இதே புதுக்கோட்டையில் 1886இல் முத்துலட்சுமி பிறந்தார். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அந்தப் பெண் அதே கல்லூரியில் படிக்க விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். மாணவர் கண்ணில் படாதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் படித்தார். பதினாறு கிலோமீட்டர் தொலைவில், சித்தன்னவாசல் தூணில் ஒரு பெண் ஆடிக்கொண்டே இருக்கிறாள். ஆடுகிற பெண்மேல் விளக்கு, படிக்கிற பெண்முன் திரை. இரண்டும் ஒரே ஊர்ப் பழக்கம்.

திரைக்குப் பின்னால் இருந்தவர் 1912இல் மருத்துவரானார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் ஆனார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடுவதை எதிர்த்து அவர் தொடங்கிய போராட்டம் 1947இல் சட்டமாக முடிந்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாளும் தேவதாசிச் சங்கத்தாரும் தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று வாதாடினார்கள். பெண்ணியத்தில் நாம் இந்த இரு குரல்களையும் இன்னும் பேசித் தீர்க்கவில்லை. உமையாழ்வி நாச்சியின் சன்னதியில் நின்றுகொண்டு சந்திரம்மாளின் மகளை நினைக்கும்போது எனக்கு இரண்டும் சேர்ந்தே வலிக்கின்றன. பெயரோடு கல்லில் நின்ற மரபு, மகளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைக்கும் நிலைக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்வியை எழுப்பாத சுற்றுலா வெறும் வெயில்.

மதியத்துக்குமேல் கொடும்பாளூர். இருக்குவேள் மரபின் பூதி விக்கிரமகேசரி 10ஆம் நூற்றாண்டில் மூன்று விமானங்கள் எடுத்தான். ஒன்று தன் பெயரில், மற்ற இரண்டும் தேவியர் கற்றளி, வரகுணை பெயர்களில். அதனால்தான் மூவர் கோயில். இன்று நிற்பவை இரண்டு. மூன்றாவது விமானத்துக்கு அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நடுவில் நிற்பது அரசனுடையது என்று கொண்டால், இடிந்து போனது ஒரு தேவியினுடையது. எந்தத் தேவி என்று மாணவிகள் தங்களுக்குள் வாதாடினார்கள். ஒருத்தி மட்டும் கற்றளி என்ற பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கல்லால் எடுத்த கோயில் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். "கோயிலுக்கு ராணி பேரா, ராணிக்குக் கோயில் பேரா மிஸ்?" என்றாள்.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் கவுந்தியடிகளும் உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் மாங்காட்டு மறையோன் ஒருவனைச் சந்திக்கிறார்கள். அவன் திருவரங்கத்தையும் வேங்கடத்தையும் கண்ணாரக் காணப் புறப்பட்டவன். நம் இலக்கியத்தின் ஆர்வமுள்ள சுற்றுலாப் பயணி அவன். மதுரைக்கு வழி கேட்டதும் வழிகாட்டியாகவும் ஆகிவிடுகிறான். கொடும்பை நெடுங்குளத்தில் வழி மூன்றாகப் பிரியும் என்கிறான். இடப்பக்க வழியில் போனால் திருமால்குன்றம், அங்கே ஒரு பிலம், பிலத்துக்குள் மூன்று பொய்கைகள். ஒன்றில் மூழ்கினால் ஐந்திர இலக்கணம் கைவரும், இன்னொன்றில் முற்பிறப்பு தெரியும், மூன்றாவதில் நினைத்தது கிடைக்கும். பிலத்தின் வாயிலில் அழகி ஒருத்தி தோன்றிக் கேள்வி கேட்பாள். காட்சிகளைப் பட்டியலிட்டு, நடுவில் ஒரு பெண்ணையும் நிறுத்திக் காட்டுகிற அவனுடைய பேச்சின் அமைப்பை நம் வழிகாட்டிகளின் பேச்சில் இன்றும் கேட்கலாம்.

அவனுக்குப் பதில் சொல்பவர் கோவலன் அல்ல, கவுந்தி. அந்தப் பொய்கைகள் எங்களுக்கு வேண்டாம் என்கிறார். இலக்கணம் எங்கள் அருகன் அருளிய நூலில் இருக்கிறது, முற்பிறப்பின் பயனை இந்தப் பிறப்பிலேயே காண்கிறோம், வாய்மையோடு வாழ்கிறவர்க்குக் கிடைக்காதது எது என்று கேட்கிறார். இதைச் சமயப் பூசலாக மட்டுமே உரைகாரர்களும் பாடநூல்களும் நமக்குச் சொல்லிக் கொடுத்தன. சமயமும் இருக்கிறதுதான். ஆனால் ஒரு பெண், நடந்து களைத்த கால்களோடு நின்று, ஓர் ஆண் விரித்து வைத்த காட்சிப் பட்டியலை முழுக்கக் கேட்டு, அதை மறுத்துத் தன் வழியைத் தானே தேர்ந்துகொள்கிறாள் என்பதும் அங்கே இருக்கிறது. அதுவும் கொடும்பாளூரில் பிரியும் வழிகளைப் பற்றிய பேச்சில். பக்கத்திலேயே கண்ணகி நிற்கிறாள், பேசாமல். புகாரை விட்டுக் கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே மதுரை எங்கே என்று கேட்டவள் அவள். அதற்குக் கோவலன் சிரித்தான். கவுந்தி வழியைத் தேர்கிறாள், கண்ணகி வழிகேட்டு நகைப்புக்கு உள்ளாகிறாள். இருவரும் ஒரே பாதையில்தான் நடந்தார்கள்.

பயணம் செய்த பெண்ணின் பெயர் அழிவது நம் ஊரின் குறை மட்டும் இல்லை. பாரசீகத்தின் பழம்பெரும் நகரமான இஸ்பஹானை 'பாதி உலகம்' என்று அந்நாட்டார் பெருமையாகச் சொல்வார்கள். அதன் சதுக்கத்தையும் நீலக் கும்மட்டங்களையும் பார்க்க உலகமே போகிறது. அந்த நகரத்திலிருந்து 17ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஒரு கைம்பெண் மக்காவுக்குப் புறப்பட்டுப் போனார். போன வழியையும் பட்ட துயரையும் சந்தித்த தோழியையும் ஏறக்குறைய 1200 ஈரடிகளில் பாடி வைத்தார். பாட்டு இருக்கிறது. அவர் பெயர் இல்லை. மிர்சா கலீலின் மனைவி என்றே இன்றும் குறிப்பிடுகிறார்கள். கும்மட்டத்தைப் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அவரை நினைப்பார்கள்? என் மாணவிகளுக்கு இதைச் சொன்னபோது ஒருத்தி, "அவங்களுக்காவது பாட்டு இருக்கு மிஸ்" என்றாள்.

பெண்ணைக் காட்சியாக வைத்திருக்கும் பார்வையை மாற்ற, பெண் முதலில் பார்க்கக் கிளம்ப வேண்டும். அது எளிதாக இல்லை. என் அம்மா பிறந்து வளர்ந்தது அன்னவாசல் பக்கம். சித்தன்னவாசல் அவருக்குக் கூப்பிடு தூரம். முப்பத்திரண்டு வயதுவரை அவர் அதைப் பார்த்ததில்லை. 1991-92இல் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஓட்டிப் பழகினார்கள். பி. சாய்நாத் இதை எழுதி உலகம் முழுக்கக் கொண்டுபோனார். அம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. பழகின பிறகு சந்தைக்குப் போனார், ரேஷன் கடைக்குப் போனார், என்னைப் பள்ளியில் விட்டார். பிறகு ஒருநாள், எந்த வேலையும் இல்லாமல், என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சித்தன்னவாசலுக்குப் போனார். குளத்தில் பெண் இல்லை என்று சொன்னது அன்றைக்குத்தான். வேலை இல்லாமல் ஓர் இடத்துக்குப் போய் வெறுமனே பார்த்துவிட்டு வந்தார் என்பது வீட்டில் ஒரு வாரம் பேச்சாக இருந்தது. "அங்க உனக்கு என்ன வேலை?" என்று அப்பத்தா கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. எங்கள் பயணத்துக்கு நாற்பத்தெட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வந்தது நாற்பத்திரண்டு பேருக்கு. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்த பெண்கள் அவர்களில் பலர், ஏனென்று எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை. வராத ஆறு பேரில் ஒருத்தி வகுப்பிலேயே கல்வெட்டு எழுத்துகளை வேகமாகப் படிக்கக் கூடியவள். "கோயிலத்தான் சின்னப் புள்ளயிலேயே பாத்தாச்சே, இப்ப என்னத்துக்கு" என்று அவள் அப்பா சொல்லிவிட்டாராம்.

திரும்பி வந்ததும் உமையாழ்வி நாச்சியைப் பற்றி வகுப்பில் பேசினோம். அடுத்த வாரம் அந்தப் பெண் நூலகத்திலிருந்து 1929ஆம் ஆண்டுத் தொகுப்பை எடுத்து வந்து என் மேசையில் வைத்தாள். பக்கங்களுக்கு நடுவே கிழித்த காகிதத் துண்டுகளை அடையாளம் வைத்திருந்தாள். ஒவ்வொரு துண்டும் ஒரு பெண்ணின் பெயர் வரும் இடம். சிலர் தேவரடியார், சிலர் அரசியர், ஓரிருவர் யாரென்று அவளுக்கே தெரியவில்லை. நோட்டில் ஊர்வாரியாக எழுதி, எந்த ஊருக்கு எந்தப் பேருந்து என்பதையும் பக்கத்தில் குறித்திருந்தாள்.

அந்த நோட்டை வைத்துத்தான் அடுத்த பயணத்தைத் திட்டமிட்டிருக்கிறோம். டார்ச் விளக்கை அவளிடம் கொடுப்பதாக இருக்கிறேன். அவளுடைய ஒப்புதல் கடிதத்தில் இன்னும் கையெழுத்து வரவில்லை.